செப்புத் தட்டின் மறுபக்கம்

என் தகப்பனாரின் வலது மணிக்கட்டு சற்றுக் கோணியிருக்கும். பிறவியிலேயே அமைந்த கோணல் என்றுதான் சிறு வயதில் நான் எண்ணியிருந்தேன். உண்மை பின்னரே தெரிந்தது. பசறைக்கு அப்பால் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லொறிக்குக் கிளீனராக அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பனி கொட்டிய ஒரு காலைப்பொழுதில், முன்பக்கத்து ஹேண்டிலைச் சுழற்றியபோது எஞ்சின் எதிர்த்து உதைத்துவிட்டது. எலும்பு முறிந்தது. தோட்டத்து மருந்தையா மட்டை வைத்துக் கட்டினார். கூடிய எலும்பு கோணலாகவே கூடியது. “கட்டை விரலையும் மத்த நாலு விரலோட ஒரே பக்கமா வைக்கணும். சுத்திப் பிடிச்சா அந்தக் கை நம்ம கையில்ல” என்று பிற்காலத்தில் அவர் சொல்வதுண்டு. ஹேண்டில் போடும் வண்டிகள் மறைந்து நெடுங்காலம் ஆன பின்பும், தேநீர்க் குவளையைக்கூட அவர் கட்டை விரலைச் சுற்றாமலே பிடிப்பார்.

அந்த ஹேண்டிலுக்கு விடை கொடுத்தவர் சார்ல்ஸ் கெட்டரிங் என்னும் அமெரிக்கர். 1911ஆம் ஆண்டில் அவர் செய்து முடித்த மின்சார ஸ்டார்ட்டர் 1912ஆம் ஆண்டுக் கடிலாக் கார்களில் பொருத்தப்பட்டது. அதற்கு முன்னர் அவர், கடைகளில் காசு வாங்கி வைக்கும் இயந்திரத்துக்கு ஒரு சிறு மின்மோட்டரை அமைத்திருந்தார். நாள் முழுவதும் உழைக்க வேண்டிய மோட்டர் பருத்ததாக இருத்தல் வேண்டும். சில வினாடிகளே உழைக்க வேண்டியதோ, தன் உருவத்துக்கு மீறிய சுமையையும் அந்தச் சில வினாடிகளுக்குத் தாங்கிவிடும். காசுப் பெட்டியில் கண்ட இந்த உண்மைதான் மோட்டார் வண்டிக்கும் பயன்பட்டது. உலகம் 1912இல் மறக்கத் தொடங்கிய ஹேண்டில், எங்கள் ஊவா மலைக்கு வந்து சேர்ந்த பழைய லொறிகளில் அரை நூற்றாண்டு கழித்தும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு என் தகப்பனாரின் கையே சாட்சி.

நிற்க. நான் சொல்ல வந்தது என் அக்காவின் கணவருடைய லொறியைப் பற்றி. அவரை நான் மச்சான் என்றும், அவர் என்னை மாப்பிள்ளை என்றும் அழைப்பது வழக்கம். அவருடைய தகப்பனாரின் ஊழியர் சேமலாப நிதிப் பணத்தை முதலாக வைத்து வாங்கிய நாலு சிலிண்டர் டீசல் லொறி அது. நமுனுகுல மலையின் அடிவாரத்துச் சிறு தோட்டக்காரர்களிடம் கொழுந்து சேர்த்து, மாலைக்குள் தொழிற்சாலையில் கொண்டுபோய்க் கொட்டுவது அதன் தொழில். பறித்த கொழுந்து காத்திராது. சாக்கிலே அடைபட்ட கொழுந்து தானே மூச்சுவிட்டுத் தானே சூடேறும், சூடேறினால் சிவக்கும், சிவந்த கொழுந்தைத் தராசில் வைக்கவும் விடமாட்டார்கள். ஆகவே அந்த லொறி ஒரு மணி நேரம் நின்றால், அது இருபது முப்பது குடும்பங்களின் அன்றைய உழைப்பு நின்றதாகும்.

2022ஆம் ஆண்டு சித்திரை மாதம் அது நின்றது.

அந்த ஆண்டை வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. மார்ச்சு மாதத்தில் ரூபாவின் பெறுமதி சரிந்தது. மாத முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. ஏப்பிரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் அறிவித்தது. வாகன இறக்குமதி 2020ஆம் ஆண்டு மார்ச்சிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது. கொழும்புப் பஞ்சிகாவத்தைக் கடைகளிலே மலைபோல் குவிந்து கிடக்கும் பழைய ஜப்பானியச் சாமான்களும் விலையேறி, காலையில் கேட்ட விலை மாலையில் இல்லை என்றாகியிருந்தது. அத்தகைய நாளில் மச்சான் சாவியைத் திருப்பினார். ‘டக்’ என்றொரு சத்தம். அவ்வளவுதான். மீண்டும் திருப்பினார். மீண்டும் ‘டக்’.

பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர் குடும்பத்திலே இருப்பது இத்தகைய வேளைகளில் ஆபத்தானது. என்னைக் கேட்டார்கள். நான் லொறியைச் சுற்றிவந்து, மூடியைத் திறந்து, பற்றரியின் முனைகளைத் தொட்டுப் பார்த்து, “பற்றரி பழசு மச்சான். சுமை ஏறினதும் அழுத்தம் விழுந்துவிடுகிறது” என்று தீர்ப்பளித்தேன். அகத்தடை, அழுத்த வீழ்ச்சி என்று வகுப்பில் பேசுவதுபோல் பேசினேன். என் பேச்சை மறுக்க அங்கே ஒருவரும் இல்லை. அக்கா உள்ளே போய்க் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். 2021ஆம் ஆண்டில் நிர்ணயித்த ஆயிரம் ரூபா நாட்சம்பளத்துக்கு அப்போது கொழுந்து பறித்துவந்தவள் அவள். சங்கிலி பதுளை நகரத்து அடகுக் கடைக்குப் போயிற்று. புதுப் பற்றரி வந்தது.

லொறி உடனே ஸ்டார்ட் ஆனது! என் பெருமையை என்னென்பேன்? ஏறத்தாழ இரண்டு கிழமைகள் எல்லாரும் என்னை மதிப்போடு பார்த்தார்கள்.

பின்பு ஒரு நாள் டீசல் வரிசையில் அது திரும்பவும் ‘டக்’ என்றது. அந்நாளைய வரிசைகளிலே பவுசர் வரும்வரை இரவு பகலாகக் கிடந்து, வந்ததும் பத்துப் பத்து அடியாக நகர வேண்டும். பத்து அடிக்கு ஒருமுறை எஞ்சினை அணைப்பதும் எழுப்புவதுமாக இருந்த நிலையில் லொறி மறுத்துவிட்டது. முன்னே நின்ற பஸ் சாரதியும், பின்னே நின்ற மரக்கறி லொறிக்காரர்களும், இன மொழி வேற்றுமை பாராமல், திட்டிக்கொண்டே தள்ளினார்கள். கடைசியில் பம்பை அடைந்தபோது டீசல் முடிந்துவிட்டது.

அன்று முதல் மச்சான் லொறியைச் சமதரையில் நிறுத்துவதில்லை. எங்கள் பக்கத்துச் சாரதிகளுக்கு இது புதிதன்று. மலை நாட்டிலே சரிவுக்குப் பஞ்சமில்லை. இறக்கத்திலே நிறுத்தி, சக்கரத்துக்கு அடியில் கல் வைத்து, புறப்படும்போது கல்லை எடுத்து, உருளவிட்டுக் கியரைப் போட்டால் எஞ்சின் எழுந்துவிடும். கல்லை எடுக்கும் வேலை பன்னிரண்டு வயதான என் மருமகனுடையது. மே மாதத்து மழைநாள் ஒன்றில், தகப்பன் காலைப் பிரேக்கில் வைப்பதற்கு முன்பே பையன் கல்லை இழுத்துவிட்டான். கைப் பிரேக் தாங்கவில்லை. லொறி நகர்ந்தது. பையன் கான் பக்கமாக வழுக்கி விழுந்தான். சக்கரம் அவன் காலிலிருந்து கழன்ற செருப்பின் மேல் ஏறிப்போயிற்று. லொறி இருபது யார் தூரம் ஓடி மண்மேட்டில் முட்டி நின்றது.

மறுநாள் நான் அங்கே சென்றபோது, நசுங்கிய செருப்பு லயத்து வாசலில் கிடந்தது. அக்கா என்னை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. வெறுங்கழுத்தோடு தேநீர் கொண்டுவந்து வைத்தாள். பற்றரிக்குப் போன பணம் எதற்குப் போயிருக்க வேண்டும் என்பதை நான் அப்போதுதான் யோசிக்கத் தொடங்கினேன்.

நகரத்தில் ஒரு பெரிய கராஜில் காட்டினோம். “ஸ்டார்ட்டரோடு முழுதாக மாற்றுங்கள். பழையதைத் திறந்து பயனில்லை” என்றார்கள். அவர்கள் சொன்ன தொகை என் ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கி, அடுத்த மாதத்தையும் கடித்திருக்கும். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. ஒரு நாளில் பத்து வண்டி பார்க்க வேண்டிய இடத்தில், ஒரு சாமானைத் திறந்து ஆராய்ந்துகொண்டிருப்பது கட்டுப்படியாகாது. திரும்பி வரும்போது பஸ் நிலையத்தருகே, “சேர்!” என்று ஒரு குரல் கேட்டது.

பத்தாண்டுகளுக்கு முன் என்னிடம் படித்த பையன். சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை நிறுத்தி, வயரிங் வேலை செய்யும் சிங்களப் பாஸ் ஒருவரிடம் ‘கோலயா’வாகச் சேர்ந்தவன்; இப்போது அவனே பாஸ். அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் ஆண்டுதோறும் ‘கவனம் போதாது’ என்று நான் எழுதியதாக நினைவு. கதையைக் கேட்டவன், ஒரே ஒரு கேள்வி கேட்டான்: “டக்குன்னு சத்தம் வர்றப்ப ஹெட் லைட் மங்கிச்சா சேர்?”

எனக்குத் தெரியவில்லை. நான் நடுப்பகலில் பார்த்தேன். விளக்கைப் போட்டுப் பார்க்கவில்லை.

“மங்கினா பற்றரியில பார்க்கணும், இல்லாட்டி மோட்டர்ல பார்க்கணும். மங்காம அப்படியே எரிஞ்சா கரண்டே போகல்லன்னு அர்த்தம். அப்ப சொலினாய்ட்ல பார்க்கணும்” என்றான் அவன். பதினைந்தாண்டு கற்பித்த எனக்கு இந்தச் சோதனை தோன்றாமற் போயிற்றே என்று நான் வெட்கினேன். ஒரு சதமும் செலவில்லாத சோதனை! மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்ளலாம்.

அடுத்த ஞாயிறு அவன் தோட்டத்துக்கு வந்தான். முதற் காரியமாக நான்கு சக்கரங்களுக்கும் கட்டை வைத்தான். அடுத்து, பற்றரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றினான். அவசரக்காரர்கள் சிலர் திருப்புளியை இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கும் குறுக்கே வைத்துப் பொறி பறக்க எஞ்சினை எழுப்புவார்கள். கியரில் கிடக்கும் வண்டியானால் அது கீழே படுத்திருப்பவன் மேலேயே பாய்ந்துவிடும். பற்றரியிலிருந்து வரும் ஐதரசனும் அந்தப் பொறியில் வெடிக்கலாம். “அப்படிச் செஞ்ச ஒருத்தருக்கு ஒரு கண் போச்சு சேர்” என்று மட்டும் சொல்லிவிட்டு அவன் லொறிக்கு அடியில் புகுந்தான்.

ஸ்டார்ட்டரின் முதுகிலே குட்டிபோல ஒட்டியிருக்கும் உருளைதான் சொலினாய்டு. நாங்கள் வகுப்பிலே வரிச்சுருள் என்கிறோம். குழாய் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் அமைத்த பெயர் அது. சுருளுக்குள்ளே இரும்பைச் செலுத்திக் காந்தமாக்கிக் காட்டியவர் வில்லியம் ஸ்டேர்ஜன் என்னும் ஆங்கிலேயர்; செருப்புத் தைக்கும் தொழிலுக்குப் பழக விடப்பட்டு, பின் பட்டாளத்தில் சேர்ந்தவர். 1825இல் அவர் காட்டிய ஏழு அவுன்சு இரும்பு லாடம், ஒன்பது இறாத்தல் நிறையைத் தூக்கியது. அவர் பெயரை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதுகிறேன். ஆயினும் ஒரு லொறியின் சொலினாய்டைத் திறந்து பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமைதான்.

இந்தச் சிறு உருளைக்கு இரண்டு வேலை. சாவியைத் திருப்பியதும் அதனுள்ளே இருக்கும் இரும்புத் தண்டு உள்ளிழுக்கப்படுகிறது. அப்படி இழுபடும்போது ஒரு கவட்டை நெம்பி, ஸ்டார்ட்டரின் சிறு பற்சக்கரத்தை எஞ்சினின் பெரிய பற்சக்கரத்தோடு கோக்கிறது. அது முதல் வேலை. தண்டு முடிவிடத்தை எட்டும்போது அதன் நுனியில் உள்ள செப்புத் தட்டு இரண்டு செப்புப் போல்ட்டுகளின் தலைகளைத் தொட்டு இணைக்கிறது. பற்றரியின் மின்னோட்டம் முழுவதும் அந்தத் தட்டின் வழியே மோட்டருக்குப் பாய்கிறது. அது இரண்டாவது வேலை. ‘டக்’ என்ற சத்தம் முதல் வேலை முடிந்ததன் அடையாளம். எங்கள் லொறி அதோடு நின்றுவிட்டது.

அவன் உருளையைக் கழற்றிப் பலகையில் வைத்து, பற்றரியைக் கொண்டு தூண்டினான். ‘டக்’ என்றது. இரு போல்ட்டுகளுக்கும் இடையே ஒரு சிறு பல்பைக் கோத்துப் பார்த்தோம். முதல் முறை எரிந்தது. இரண்டாம் முறை எரியவில்லை. மூன்றாம் முறை மினுங்கியது. “பார்த்தீங்களா சேர், மனசு இருந்தா எரியுது” என்று சிரித்தான்.

மூடியைத் திறப்பதற்கு முன் அதனோடு பற்றியிருக்கும் கம்பிகளின் ஈயத்தை இளக்க வேண்டும். மின்சாரம் இல்லை, அன்றைய வெட்டு தொடங்கிவிட்டது. அக்காவின் அடுப்பிலே விறகுத் தணலை ஒதுக்கி, பழைய காலத்துச் செப்புப் பற்றுகோலைச் செருகிக் காய்ச்சினான். அடுப்பில் வெந்துகொண்டிருந்த மரவள்ளிக்கிழங்குக்கு அருகிலேயே எங்கள் பட்டறையும் நடந்தது. கழற்றிய உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே அவன் ஒரு ஞாயிற்றுப் பத்திரிகைத் தாளின் மேல் பரப்பினான். மின்கடத்தாத சிறு வளையம் ஒன்று இடம் மாறினாலும் எல்லாம் கெட்டுவிடுமாம். பத்திரிகை அதற்கும் உதவும் என்பதை ஆசிரியர் அறிவாராக.

உள்ளே ஒரே கரி. செப்புத் தட்டில் எதிரெதிரே இரண்டு பிறைவடிவத் தழும்புகள் ஆழமாக அரித்திருந்தன. போல்ட்டுகளின் தலைகளில் ஒன்று ஒரு பக்கமாகத் தேய்ந்து சரிந்திருந்தது. பதினெட்டு ஆண்டுகள், ஒரு நாளில் இருபது முறையேனும், ஒவ்வொரு முறையும் ஒரு சிறு மின்னலைத் தாங்கிய செம்பு அது. செய்தவர் மேல் குற்றமில்லை, உழைத்துத் தேய்ந்ததுதான்.

மாணவர்களுக்காக இங்கே ஒரு சிறு கணக்கு. இத்தகைய டீசல் எஞ்சினைச் சுழற்ற மோட்டர் முந்நூறு ஆம்பியர் வாங்குவதாகக் கொள்வோம். பெற்றோல் எஞ்சின் காற்றை ஒன்பது பத்து மடங்கு நெருக்கினால், டீசல் எஞ்சின் பதினேழு பதினெட்டு மடங்கு நெருக்க வேண்டும். ஆதலால் இந்தப் பெரும்பசி. தட்டுக்கும் போல்ட்டுக்கும் இடையே நூறில் ஒரு ஓம் தடை மட்டும் இருக்கட்டும். ஓமின் விதிப்படி அங்கேயே மூன்று வோல்ற்று போய்விடும். தொள்ளாயிரம் உவாற்று வெப்பம் அந்தச் சிறு இடத்தில் எழும். பன்னிரண்டு வோல்ற்றில் மூன்று அங்கே கரைந்தால் மோட்டருக்கு என்ன மிஞ்சும்? எழுந்த வெப்பம் செம்பை மேலும் கரியாக்கும். கரி தடையை மேலும் கூட்டும். நூறில் ஒரு ஓம் என்பதை எங்கள் ஆய்கூடத்து மானிகள் பூச்சியம் என்றே காட்டும். பூச்சியம் என்று நாங்கள் வகுப்பில் தள்ளிவிடுகிற அந்த அளவுதான் லொறியை நிறுத்தியது. நான் வாங்கச் சொன்ன புதுப் பற்றரி இரண்டு கிழமை ஏன் வேலை செய்தது என்பதும் அப்போது விளங்கியது. புதிய பற்றரி தண்டைச் சற்று வலுவாக இழுத்து, தட்டைச் சற்று அழுத்தமாக மோதச் செய்தது. தேய்ந்த செம்பும் அதுவரை ஒருவாறு தொட்டுக்கொண்டது.

பையன் செய்தது இதுதான். தட்டைப் புரட்டினான். அதன் மறுபக்கம் பதினெட்டு ஆண்டுகளாக எதையும் தொடாமல் புதுச் செம்பாகப் பளபளத்தது. போல்ட்டுகளை அரைச் சுற்றுத் திருப்பிப் பொருத்தினான். தேயாத பக்கம் முன்னே வந்தது. மெல்லிய அரத்தால் தலைகளைச் சமப்படுத்தினான். எமரித் தாள் கொண்டுவந்திருந்தேன், வேண்டாம் என்றுவிட்டான். அதன் மணல் செம்பிலே புதைந்துகொண்டு தொடுகையைக் கெடுக்குமாம். இரண்டு தலைகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்பதை அறிய, முத்திரை குத்தும் மையைத் தட்டிலே பூசி, மெல்ல அழுத்தி எடுத்தான். ஒரு தலையில் மை ஒட்டியது, மற்றதில் இல்லை. அரம், மீண்டும் மை. ஆறேழு முறை இவ்வாறு செய்து, இரண்டிலும் ஒரேபடியாக ஒட்டிய பிறகே மையைத் துடைத்தான். பரீட்சைத் தாளில் ஒரு கணக்கை இருமுறை சரிபார்க்கச் சொன்னால் முகஞ்சுளித்த பையன் இவன்.

நானும் சும்மா இருக்கவில்லை என்று சொல்லிக்கொள்ள ஆசை. உருளைக்குள்ளே இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று தடித்த கம்பி. தூரத்தில் நிற்கும் தண்டை வலித்து இழுப்பது அது. மற்றது மெல்லிய கம்பி. வந்த தண்டைப் பிடித்து வைத்திருப்பது. இழுப்பதற்கு வேண்டிய பலம் பிடித்து வைக்க வேண்டியதில்லை. ஆகவே செப்புத் தட்டு தொட்டவுடன், இழுக்கும் சுருளின் இரு முனைகளுக்கும் ஒரே அழுத்தம் கிடைத்து, அதில் மின்னோட்டம் தானாக நின்றுவிடுகிறது. பிடிக்கும் சுருள் அறுந்திருந்தால் தண்டு வருவதும் விடுவதுமாகத் தறிபோல் ‘டகடக’ என்று அடிக்கும். இரண்டு சுருள்களும் பழுதில்லை என்று என் மானியால் அளந்து சொன்னேன்.

அப்போதுதான் அவன் கேட்டான்: “சேர், ஒரு சந்தேகம். ரொம்ப நாளா யாரிட்ட கேக்கிறதுன்னு தெரியல்ல. சாவியை விட்ட பொறவும் தட்டு போல்ட்டைத் தொட்டுக்கிட்டுத்தானே நிக்குது? பற்றரி கரண்ட் அந்தப் பக்கமா வந்து, தடிச்ச சுருள் வழியாத் திரும்பி, மெல்லிசுச் சுருளுக்கும் போகுமே. அப்ப தண்டு விடாமப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். ஏன் விடுது?”

நான் வாயைத் திறந்தேன், விடை வரவில்லை. இன்னொரு முறை தவறான தீர்ப்பளிக்க எனக்குத் துணிவில்லை. “யோசித்துச் சொல்கிறேன், தம்பி” என்றேன்.

மூடியைப் பொருத்தி, ஈயம் பற்றி, லொறியில் மாட்டியபோது மணி மூன்று. மச்சான் சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தார். கட்டைகளை எடுக்காமலே, சமதரையில் நிறுத்தி, கியரை விலக்கிச் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே மூச்சில் எழுந்தது. பையன் உடனே அணைக்கச் சொல்லி, பத்து முறை எழுப்பி, பத்து முறை அணைத்து, கையை வைத்துப் போல்ட்டுகள் சுடுகின்றனவா என்று பார்த்தான். சுடவில்லை. அக்கா மரவள்ளிக்கிழங்கும் கட்டைச் சம்பலும் கொண்டுவந்தாள். கூலியாக அவன் கேட்டது பஸ் கட்டணமும், ஈயத்தின் விலையும். மச்சான் அதற்கு மேலும் கொடுத்து, ஒரு சாக்கு நிறையப் பலாக்காயும் பேரிக்காயும் கட்டிவிட்டார்.

எல்லாவற்றையும் இப்படிச் சீர்செய்துவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. சுருள் கருகியிருந்தால், மூடி வெடித்திருந்தால், பற்சக்கரத்தின் பற்கள் உடைந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். செம்புக்குப் பதிலாகப் பித்தளையைக் கடைந்து போடுகிறவர்களும் உண்டு. பித்தளை மின்சாரத்தைக் கடத்துவது செம்பில் ஏறத்தாழ நாலிலொரு பங்குதான். ஆறு மாதத்தில் பழைய கதை திரும்பிவிடும்.

அன்றிரவு விளக்கில்லாத வீட்டில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், அவனுடைய கேள்விக்குப் படம் வரைந்தேன். பதினொரு மணிக்கு விடை அகப்பட்டது. சாவியை விட்டதும் மின்னோட்டம் தடித்த சுருளின் வழியே தலைகீழாகப் பாய்கிறது. அதே மின்னோட்டம் மெல்லிய சுருளில் நேராகப் பாய்கிறது. இரு சுருள்களிலும் சுற்றுகளின் எண்ணிக்கை சமம். ஒன்று இப்பக்கம் காந்தமாக்க, மற்றது அப்பக்கம் காந்தமாக்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. காந்தம் இல்லாத தண்டை வில் பின்னே தள்ளிவிடுகிறது. சுற்றுகளைச் சமமாக வைத்தவன் எவ்வளவு யோசித்திருக்க வேண்டும்! மறுநாள் காலை அவனுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சிறிது நேரம் ஓசையில்லை. பிறகு, “அதான் சேர், சுற்று எண்ணாமக் கட்டின சொலினாய்ட் விடாமப் பிடிச்சுக்கிட்டு மோட்டரை எரிச்சிடுது” என்றான். அதை நான் அறிந்திருக்கவில்லை.

அக்காவின் சங்கிலியை அந்த ஆண்டு மீட்க முடியவில்லை. வட்டியை நான் கட்டிவந்தேன்; முதலைக் கட்டி அதை மீட்டது 2023 தைப்பொங்கலுக்கு முதல் நாள். அவள் அதை வாங்கி, பூட்டின் திருகைப் பார்த்து, “இது கொஞ்சம் லூசா இருக்கு தம்பி, ஆசாரிக்கிட்டக் கொடுத்து இறுக்கணும்” என்று மட்டும் சொன்னாள்.

புரட்டிய தட்டு மூன்றாண்டு உழைத்தது. 2025ஆம் ஆண்டில் அதன் இரு பக்கமும் தேய்ந்துவிட்டன. அதற்குள் நாட்டில் வாகன இறக்குமதி மீண்டும் தொடங்கி, கடைகளில் சாமான்களும் வந்துவிட்டன. புதிய சொலினாய்டு வாங்கவும் மச்சானிடம் பணம் இருந்தது. ஆயினும் அவர் நேரே அந்தப் பையனிடம் போனார். அவன் செப்புக் கம்பியிலிருந்து தட்டும் போல்ட்டுகளும் கடைசல் இயந்திரத்தில் கடைந்து போட்டுவிட்டு, பழைய தட்டை ஒரு தாளில் மடித்து எனக்கு அனுப்பினான்.

அது இப்போது என் வகுப்பு மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. வரிச்சுருள் பாடம் வரும் நாளில் மாணவர் கையில் கொடுக்கிறேன். வரிசை வரிசையாகப் போய்த் திரும்பி வரும்போது எல்லாருடைய விரல்களிலும் கரி. கடந்த தவணையில் பின் வரிசையில் இருந்த ஒருவன் அதை நெடுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய தேர்ச்சி அறிக்கை என் முன்னே திறந்து கிடந்தது. பேனாவை எடுத்தேன், மூடி வைத்துவிட்டு, “என்ன பார்க்கிறாய், தம்பி?” என்று கேட்டேன்.

“இந்தப் பக்கம் கூடத் தேஞ்சிருக்கு சேர். ஏன்?” என்றான்.